நவாபுக்கு வைத்த வெற்றிலை பாக்கு

ஒருவனிடம் சொல்ல வேண்டியதை அவனைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லித் தீர்ப்பதில் எங்கள் திருத்தணிக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாமியார்மேல் கோபம் என்றால் பூனைக்குத் திட்டு விழும். பக்கத்து வீட்டுக்காரன்மேல் கோபம் என்றால் தெருவில் போகிற நாயைப் பார்த்து, "நீயெல்லாம் உருப்படுவியா?" என்பார்கள். இதனால் எங்கள் ஊர் நாய்கள் அந்தக் காலத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் நடக்கும். அரக்கோணத்து நாயைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நான் கூட்டிச் சொல்லவில்லை. ஸ்டேஷன் வாசலில் சோடாக்கடை வைத்திருந்தவன் நான். வருகிற நாய், போகிற நாய் இரண்டையும் பார்த்தவன்.

இந்தப் பழக்கத்தால் கெட்டுப்போன ஒரு குதிரையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இத்தனை வருஷம் ஆகியும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது. குதிரைமேல் இல்லை. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ற இரண்டு தடியன்கள்மேல்.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடையாது. திருப்பதி ரோட்டு பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். கொஞ்சம் மேடு வந்தாலும் பஸ் நின்றுவிடும், ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். அப்படித் தள்ளிக்கொண்டே கனகம்மாசத்திரம்வரைக்கும் போய், தாங்கள் போக வேண்டியது எதிர்ப்பக்கம் என்று அங்கே ஞாபகம் வந்து, திரும்பவும் தள்ளிக்கொண்டே வந்தவர்களுக்கு நான் சோடா உடைத்துக் கொடுத்திருக்கிறேன். பஸ் இப்படி என்றால் ஜட்காவுக்குக் கொண்டாட்டம்தானே.

ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்காக்களில் ஒன்று கோதண்டபாணியும் மெஹபூப் பாஷாவும் கூட்டாக ஓட்டியது. வண்டி கோதண்டபாணியுடையது, குதிரை பாஷாவுடையது. குதிரையின் பெயர் நவாப். ஒருநாள் இவன் கடிவாளம் பிடித்தால் அவன் பிளாட்பாரத்தில் நின்று சவாரி கூப்பிடுவான், மறுநாள் மாறிக்கொள்வார்கள். இருக்கிற ஒரு பீடியை இரண்டாகக் கிள்ளிப் பற்றவைத்துக்கொள்கிற சிநேகம்.

பாஷாவின் மகள் நிஷாத்துக்கு அரக்கோணத்து மாப்பிள்ளையோடு கல்யாணம் நிச்சயமானது. ஊரை அழைக்க வேண்டும். அந்த வாரம் முழுக்கக் கடிவாளம் கோதண்டபாணி கையில். பாஷா வண்டியை விட்டு இறங்கி ஒவ்வொரு வீடாக உள்ளே போவான். "நீங்க அவசியம் வரணும், வூட்டு ஆளுங்களையும் இட்டுகினு வரணும்" என்பான். கோதண்டபாணி வாசலில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தாலுகா ஆபீஸ் சேவகனை அழைத்தான், ஸ்டேஷன் மாஸ்டரை அழைத்தான், என்னையும் என் கடை வாசலில் நின்று அழைத்தான். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பினால் வண்டியின் ஏர்க்கால் தடிமேல் உட்கார்ந்து கோதண்டபாணி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

கடைசி வீடும் முடிந்தது. பாஷா வண்டியில் ஏறி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அப்பாடா! எல்லாரையும் கூப்டாச்சி. ஒருத்தரும் பாக்கி இல்ல."

கோதண்டபாணி குதிரையைத் தட்டினான். அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய வாய்.

கல்யாணத்துக்கு அவன் போகவில்லை. நான் போயிருந்தேன். அங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். கோதண்டபாணி கவுச்சி தொடமாட்டான் என்பதற்காகப் பாஷா தனியாக ஒரு சைவ சமையல்காரரைப் பிடித்து, ரேஷன் அரிசியில் மிச்சம் பிடித்துப் பொங்கி, பந்தலில் ஓரமாக ஓர் இலை போட்டு வைத்திருந்தான். வேறு ஒருவரையும் அந்த இலையில் உட்கார விடவில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் வந்தபோதுகூட அவன் கண் தெருக்கோடியில்தான் இருந்தது. சாயங்காலம் அந்த இலை காய்ந்து அப்பளமாகச் சுருண்டுவிட்டது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். 'ஏன்டா வரல?' என்று அவன் கேட்டிருக்கலாம். 'ஏன்டா கூப்டல?' என்று இவன் கேட்டிருக்கலாம். ஒரு சோடா குடித்து ஏப்பம் விடுவதற்குள் விஷயம் முடிந்திருக்கும். கேட்டார்களா? இல்லை. ஒருவன் போன பிறகு ஒருவனாக என் கடைக்கு வந்தார்கள்.

"சுப்பிரமணி, என் வண்டிமேல ஏறிகினு ஊரையே கூப்டான். நான் வாசல்ல ஒக்காந்துகினு எல்லாத்தையும் கேட்டுகினு இருந்தேன். என்னை ஒரு வார்த்த கூப்டல. நான் இன்னா குதிரையா?" என்றான் கோதண்டபாணி.

"அவன்கிட்டயே கேளுங்களேன்" என்றேன்.

"நான் ஏன் கேக்கணும்? அவனுக்குத் தெரியாதா?"

அவன் போனதும் பாஷா வந்தான். "கூடவே இருக்கிறவனைத் தனியா எப்படிப்பா கூப்டறது? வலது கை இடது கையைப் பார்த்து வாங்கன்னு சொல்லுமா? இலை போட்டுவெச்சிகினு நின்னேன். துரை வரல."

"இலை போட்டு வெச்சிருந்ததை அவர்கிட்ட சொல்லுங்க பாய்."

"நான் ஏன் சொல்லணும்? அவனுக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் இதே கேள்வியை, வார்த்தை மாறாமல். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த சோடா பாட்டிலில் கோலி தானாகவே உள்ளே இறங்கிவிட்டது.

கூட்டுத் தொழிலை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. பேச்சைத்தான் விட்டார்கள். வண்டி ஓட வேண்டுமானால் பேசித்தானே ஆக வேண்டும்? நடுவில் நின்றுகொண்டிருந்தது நவாப். அதன் வழியாகப் பேச ஆரம்பித்தார்கள்.

"ஏ நவாபு, சக்கரத்துக்கு எண்ண போடலன்னா அச்சு தேயும்னு சிலபேருக்குத் தெரியலியே" என்று வலது பக்கம் நின்று பாஷா சொல்வான்.

இடது பக்கம் நின்று கோதண்டபாணி, "நவாபு, உனக்கு ஒயுங்கா கொள்ளு வெச்சா வண்டி ஏன் இழுத்துப் பிடிக்குது? வெக்கிறவங்க வெச்சாதானே!" என்பான்.

"கொள்ளு வெச்சத துன்னுட்டுதானே நிக்கிறே? நன்றி கெட்டது! இலை போட்டா வராத சென்மம்!"

"கூப்டாத எடத்துக்குப் போறதுக்கு உனக்கு இன்னா சூடு சொரணை இல்லியா?"

எல்லாம் குதிரையின் முகத்தைப் பார்த்து. அது பாவம், வலது பக்கம் ஒரு திட்டு, இடது பக்கம் ஒரு திட்டு வாங்கிக்கொண்டு நிற்கும். கொஞ்ச காலத்தில் அதன் வலது காது வலது பக்கமே திரும்பி நின்றுவிட்டது, இடது காது இடது பக்கமே. முன்னால் வருவது எதுவும் அதற்குக் கேட்காது. வண்டிக்கு முன்னால் நின்று எத்தனை கத்தினாலும் ஏறி மிதித்துவிட்டுப் போகும்.

பட்டணத்திலிருந்து சாமி பார்க்க வந்த வக்கீல் ஒருவர் சற்று நேரம் இந்தக் கூத்தைக் கவனித்துவிட்டு, வண்டிக்கு முதலாளி குதிரைதான் என்று முடிவு கட்டி, அதனிடமே போய், "மலையடிவாரத்துக்கு நாலணா தர்றேன், வர்றியா?" என்று பேரம் பேசினார். நவாப் தலையை ஆட்டியது. அதே வாடகைக்குத்தான் போனார்கள்.

வருஷம் திரும்பியது. கோதண்டபாணியின் மகள் காஞ்சனாவுக்குப் புத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மணவாளன் மீசைக்காரர், கோபக்காரர். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "எங்க பையன் ரயிலை விட்டு எறங்கினா மண்ணுல கால் வெக்கமாட்டான். ஸ்டேஷன்லருந்து சத்திரம்வரைக்கும் குதிரை வண்டில கூட்டிகினு போவணும். இல்லன்னா எதிர் ரயில்ல ஏறி ஊருக்குப் போயிகினே இருப்போம்."

"அது இன்னாங்க பெரிய விஷயம்? நானே வண்டிக்காரன்" என்று கோதண்டபாணி வாக்குக் கொடுத்தான். வண்டிக்காரன்தான். குதிரைக்காரன் இல்லையே! அது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இவனுக்கும் ஊரை அழைக்க வேண்டியிருந்தது. இந்த வாரம் கடிவாளம் பாஷா கையில். இவன் தாம்பாளத்தோடு வீடு வீடாக இறங்கினான். அவன் வாசலில் ஈ ஓட்டினான். தெருவே திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவி ஜெயம்மாள் முதல் நாளே சொல்லியிருக்கிறாள்: "மொத தாம்பாளம் அந்த அண்ணனுக்கு வெய்யி. அப்பறம் ஊருக்குப் போ."

"வெப்பேன் வெப்பேன். எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும் உனக்கு? ஒரு வருஷமா குதிரையோட குடும்பம் நடத்திகினு கீறே!"

காஞ்சனா தினமும் வாசலிலேயே நிற்பாள். "நைனா, பாஷா மாமாவைக் கூப்டியா?" அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மை வார்த்த உடம்போடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் பாஷா. அவன் இல்லாமல் மணையில் உட்கார மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம்.

கடைசி வீடும் முடிந்து வண்டி என் கடை முன்னால் வந்து நின்றது. கோதண்டபாணி தாம்பாளத்தோடு இறங்கினான். அதில் ஒரே ஒரு பத்திரிகை மிச்சம். பாஷா வண்டியின் முன்பலகையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். கோதண்டபாணி இரண்டு எட்டு வைத்தான். வாயைத் திறந்தான். ஒரு வருஷமாக அந்தப் பக்கம் திரும்பாத நாக்கு, எப்படித் திரும்பும்? அப்படியே நேராகப் போய் குதிரைக்கு முன்னால் நின்றான்.

நவாபின் நெற்றியில் குங்குமம் வைத்தான். வெற்றிலை பாக்கை நீட்டினான். "நவாபு, நம்ம காஞ்சனாவுக்குக் கல்யாணம். குடும்பத்தோட முன்னாடியே வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்."

நவாப் வெற்றிலையைத் தின்றது. பத்திரிகையையும் தின்றது.

நான் பாஷாவைப் பார்த்தேன். ஒரு வருஷமாகக் குதிரைக்குச் சொன்ன திட்டு ஒவ்வொன்றையும் தனக்கு என்று எடுத்துக்கொண்டவன் அவன். ஒரு வார்த்தை தவறவிட்டதில்லை. இப்போது நல்ல வார்த்தை ஒன்று அதே வழியில் வருகிறது. எடுத்துக்கொள்வான், கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பாஷாவின் முகம் செங்கல் சூளைபோல ஆனது. அவன் பிடரியில் பீடியை வைத்திருந்தால் பற்றியிருக்கும்.

"கேட்டியா நவாபு?" என்றான். "உன்னைத்தான் கூப்டறாரு. என்னை இல்ல. போ. நல்லா சாப்ட்டுட்டு வா."

அன்றைக்கு ஒரு பெட்டி சோடாவை யார் தலையில் உடைப்பது என்று தெரியாமல் நான் கடையைச் சாத்திவிட்டேன்.

முகூர்த்தத்தன்று காலையில் ஸ்டேஷன் வாசலில் வண்டி தயாராக நின்றது. மாவிலை கட்டி, சக்கரத்துக்குச் செம்மண் காவி அடித்து, ஏர்க்கால் இரண்டும் தரையில். குதிரை மட்டும் இல்லை. சரவணப்பொய்கைப் பக்கத்துச் சத்திரத்தில் பந்தல். நாதஸ்வரக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கோதண்டபாணி பட்டு வேட்டியோடு வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

நவாப் வந்தது. தனியாக வந்தது. குளித்து, கழுத்தில் மல்லிகை மாலை போட்டு, முதுகில் பாஷாவின் மனைவி ஹுசைனா கையால் தைத்த ஜரிகைத் துணி. கடிவாளம் இல்லை, சேணம் இல்லை. சந்தனக் கிண்ணத்தண்டை நின்று மோந்து பார்த்துவிட்டு, உள்ளே நுழைந்து, பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்த முதல் வரிசைக்குப் போய் நின்றுகொண்டது. நாட்டாண்மைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

கோதண்டபாணி அதன் மாலையைப் பிடித்து இழுத்தான். "வாடா வெளிய! ரயில் வர்ற நேரம்!" நவாப் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. நான்கு பேர் தள்ளினார்கள். சத்திரத்துத் தூண் ஒன்று லேசாக அசைந்தது, குதிரை அசையவில்லை.

மைத்துனன் பரந்தாமனைப் பாஷா வீட்டுக்கு விரட்டினான். அவன் ஓடிப்போய் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"பாவா, விருந்துக்குக் கூப்ட்டவங்களை வண்டில பூட்டுவாங்களான்னு கேக்கறாரு. பத்திரிகை வெச்சது துன்றதுக்கா, இழுக்கறதுக்கான்னு கேக்கறாரு."

அந்த நேரம் பார்த்து ரயில் ஊதியது.

மணவாளன் மாப்பிள்ளையை ரயில் பெட்டியிலிருந்து தூக்கிப் பிளாட்பாரத்தில் ஒரு டிரங்குப் பெட்டிமேல் நிறுத்திவிட்டார். பிளாட்பாரம் சிமென்டுதான், இருந்தாலும் அவர் அதை நம்பவில்லை. வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். குதிரை இல்லாத வண்டி. "சரி" என்றார். "எதிர் ரயில் வர்றவரைக்கும் பாப்பேன்." எதிர் ரயில் அரக்கோணத்தை விட்டுக் கிளம்பிவிட்டதாக மணி அடித்தார்கள்.

கோதண்டபாணி ஓடினான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மசூதித் தெருவுக்கு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். அவனுக்கு உதவி செய்ய இல்லை. இரண்டு பேரையும் ஒரே இடத்தில் வைத்துத் திட்ட வேண்டும் என்கிற வெறியில்.

பாஷா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை, புதுத் தொப்பி, பத்து வீட்டுக்கு அடிக்கிற அத்தர். உள்ளே ஹுசைனா பட்டுப் புடவையில். மகள் நிஷாத்தும் மாப்பிள்ளையும் அரக்கோணத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். பித்தளைத் தாம்பாளத்தில் காஞ்சனாவுக்குப் புடவை, பழம், பூ. விடியலிலிருந்து குடும்பமே உடுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது!

கோதண்டபாணி எதிரே போய் நின்றான். பழக்கதோஷத்தில் இடது பக்கம் பார்த்தான், குதிரை இல்லை. வலது பக்கம் பார்த்தான், ஆடு கட்டியிருந்த முளை மட்டும் இருந்தது. ஹுசைனா கெட்டிக்காரி. இவன் தெருமுனையில் வருவதைப் பார்த்ததுமே ஆட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள், கோழிகளைக் கூடைபோட்டுக் கவிழ்த்துவிட்டாள். கடைசியில் இவன் என்னைப் பார்த்தான். "சுப்பிரமணி, இவன்கிட்ட..." என்று ஆரம்பித்தான். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"பேசேன் அண்ணா!" என்று உள்ளேயிருந்து ஹுசைனா கத்தினாள். "ரெண்டு பேருக்கும் வாய் இன்னா வாடகைக்கா உட்டுருக்கீங்க?"

அப்புறம்தான் வெடித்தது.

"ஏன்டா என்னைக் கூப்டல?" என்றான் கோதண்டபாணி. மலைமேல் அபிஷேகம் செய்துகொண்டிருந்த குருக்கள் கை நழுவிப் பால் சொம்பைக் கீழே போட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

"ஏன்டா வரல நீ?"

"கூப்டாம எப்டிடா வருவேன்?"

"கூடவே இருந்தியேடா பாவி! நீ இன்னா விருந்தாளியா? நீ நின்னு பரிமாறுவேன்னு பாத்தேன்!"

"அதை வாயத் தொறந்து சொன்னியா?"

"நீ வாயத் தொறந்து கேட்டியா? இலை போட்டுவெச்சேன்டா உனக்கு! சைவ சமையல்! இலை காஞ்சிப்போச்சி! நான் அன்னிக்குப் பூரா துன்னல!"

"இலை போட்டியா?" கோதண்டபாணி ஒரு கணம் நின்றான். அடங்கிவிட்டானாக்கும் என்று பார்த்தால், கோபம் இன்னும் இரண்டு மடங்காக ஏறியது. "இலை போட்டதை ஒரு வருஷமா சொல்லாம வெச்சிருந்தியாடா? குதிரைக்கிட்ட ஊர்ப்பட்டதைச் சொன்னியே, இதைச் சொன்னியா?"

"சொன்னேன்டா! இலை போட்டா வராத சென்மம்னு சொன்னேன்!"

"அது குதிரையத் திட்றன்னு நெனச்சேன்டா!"

"நீ மட்டும் குதிரையக் கூப்ட்டியே! பத்திரிகைய அதுக்கு வெச்சியே! எனக்கு வெச்சியா?"

"உனக்குத்தான்டா வெச்சேன் அறிவுகெட்டவனே!"

"அப்ப என் மூஞ்சியப் பாத்துக் கூப்டு!"

"கூப்டறேன்டா! கல்யாணத்துக்கு வாடா!"

"வரேன்டா!"

"குடும்பத்தோட வாடா!"

"குடும்பத்தோடதான்டா வரேன்! உன்னைக் கேட்டா வருவேன்? வருவேன்டா!"

இப்படி ஓர் அழைப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இரண்டு பேர் கழுத்திலும் நரம்பு புடலங்காய் கனத்துக்குப் புடைத்திருந்தது.

சத்திரத்துக்குப் போய்க் குதிரையைக் கிளப்ப நேரமில்லை. நேராக ஸ்டேஷனுக்கு ஓடினோம். எதிர் ரயில் புகை தெரிந்தது. மணவாளன் டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கியாகிவிட்டது.

பாஷா வண்டிக்கு முன்னால் நின்று அத்தர் சட்டையின் கையை மடக்கினான். "நவாபு விருந்தாளி. அதைப் பூட்ட மாட்டேன். சொன்னா சொன்னதுதான்."

"யாருடா பூட்டச் சொன்னது? பிடிடா அந்தப் பக்கம்!"

ஆளுக்கொரு ஏர்க்காலைத் தூக்கினார்கள். மாப்பிள்ளையைப் பெட்டியோடு வாசலுக்குத் தூக்கிவந்து நேராக வண்டிக்குள் ஏற்றினோம். மண்ணில் கால் படவில்லை. இழுத்துக்கொண்டு ஓடினார்கள் பாருங்கள், நவாபே அப்படி ஓடியதில்லை. வழி முழுக்கச் சண்டை. "மேட்டுல நீ இழுக்கறதே இல்லடா!" "சக்கரத்துக்கு எண்ண போட்டியாடா?" நாதஸ்வரக்காரர்கள் எதிர்கொண்டு வந்து வாசித்துப் பார்த்துவிட்டு, தங்கள் காதிலேயே விழாததால் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மாப்பிள்ளை அந்தச் சண்டையை இந்த ஊர் மங்கல வாத்தியம் என்று நினைத்துக் கைகூப்பிக்கொண்டே வந்தான்.

மணவாளன் பின்னால் மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தார். "குதிரைன்னுதான் நான் கேட்டேன். இவங்க பெரிய மனுஷனுங்களையே பூட்டியிருக்காங்க" என்று வழியெல்லாம் சொன்னார். தாலி நேரத்துக்குக் கட்டியாயிற்று. காஞ்சனா மணையிலிருந்து பார்த்தபோது அவளுக்கு நேர் எதிரே பாஷா நின்று நைனாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவள் சிரித்தாள். நவாப் முதல் பந்தியில் சாப்பிட்டது, இலையையும் சேர்த்து.

அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் நாள் முழுக்க நேருக்கு நேர்தான் சண்டை போட்டார்கள். காது கொடுத்துக் கேட்க முடியாது. ஆனால் ஒரு சண்டையும் ஒரு பீடி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை.

அடுத்த வருஷம் காஞ்சனாவுக்குப் பிள்ளை பிறந்து பெயர் வைத்தார்கள். எல்லோரையும் அழைத்தார்கள். நவாபை யாரும் அழைக்கவில்லை. ஒரு வருஷம் முழுக்க எல்லா வார்த்தைக்கும் மத்தியில் இருந்த குதிரை. இப்போது அதனிடம் 'போ', 'நில்' தவிர ஒரு சொல் கிடையாது. மறுநாள் காலையில் வண்டியில் பூட்ட வந்தால், பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கொள்ளு வைத்தால் தொடவில்லை. கோதண்டபாணியின் தோள் துண்டைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தது.

இரண்டு பேரும் என் கடைக்கு வந்தார்கள். "சுப்பிரமணி, அதுக்கு இன்னா கோவம்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்" என்றான் பாஷா. "ஆங், நீ சொன்னா கேக்கும்" என்றான் கோதண்டபாணி.

எனக்கு உச்சந்தலைவரைக்கும் ஏறிவிட்டது. "ஏன், அது அங்கதானே நிக்குது? நீங்களே போய்க் கேளுங்கய்யா!" என்று கத்தினேன்.

போனார்கள். இவன் ஒரு காதண்டை, அவன் ஒரு காதண்டை நின்று வெகுநேரம் பேசினார்கள். நவாப் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. அது அவர்களிடம் சொன்னது, என்னிடம் சொல்லவில்லை.